எந்த டார்க் ஸ்ரார்?

"டார்க் ஸ்ரார்" 2 நிமிடம் 40 செக்கன் நீளமான ஒரு பாட்டு. அது 23 நிமிடப் பாட்டும்தான். 30 நிமிடம், 48 நிமிடம் என்றும் அதே பாட்டு இருக்கிறது. அதனால 'எனக்கு டார்க் ஸ்ரார் பிடிக்கும்' எண்டு யாராவது சொன்னா, அடுத்த கேள்வி உடனே வரும்: எது? எந்தத் திகதி, எந்த ஊர்?

ஒரு பாட்டைப் பிடிக்கும் என்றால் அதைப் பாடின ஆளைச் சொல்லுவம், படத்தைச் சொல்லுவம். திகதி சொல்லிப் பிடிக்கும் என்கிறது எனக்கு முதலில் பகிடியாகத்தான் இருந்தது. ஒரு வருசமாக அந்தத் திகதிகளுக்குள்ளேயே சுத்தின பிறகு, இது ரசனை பற்றின கேள்வி மட்டும் இல்லை எண்டு விளங்கத் தொடங்கிச்சு. எது பதிவானது, யார் பதிந்தார், அந்த நாடா எங்கே போய்க் கிடந்தது, யார் கையால் பிரதியாகி எங்களிடம் வந்தது என்கிற வரலாறு முழுக்க இந்தச் சின்னக் கேள்விக்குள்ள இருக்கு.

முதலில் ஆட்களைப் பற்றி. கிரேட்புல் டெட் 1965 இல் கலிபோர்னியாவின் பாலோ ஆல்ரோ பக்கத்தில் தொடங்கிய குழு. முதல் பெயர் 'வோர்லொக்ஸ்'. கிற்றாரில் ஜெரி கார்சியாவும் பொப் வியரும், பேஸ் கிற்றாரில் பில் லெஷ், ட்ரம்ஸில் பில் குறொய்ட்ஸ்மன், ஓர்கனும் மவுத் ஓர்கனும் பாட்டுமாக 'பிக்பென்' என்ற றொன் மக்கேர்னன். 1967 இல் இரண்டாவது ட்ரம்ஸுக்கு மிக்கி ஹார்ட் வந்து சேர்ந்தார். இப்படியான குழுக்களை 'ஜாம் பாண்ட்' என்று சொல்லுவினம். (பாணும் ஜாமுமோ எண்டு என்ர தம்பி கேட்டான். இல்லை.) மேடையில் முன்கூட்டியே எழுதி வைக்காமல், ஒருத்தரை ஒருத்தர் கேட்டுக்கேட்டு வாசிச்சுக்கொண்டு போகிறதுதான் ஜாம். ஜாஸ் காரர் இதை அவர்களுக்கு முன்பிருந்தே செய்தவர்கள். அதை ரொக் கிற்றார்களையும் பெரிய ஸ்பீக்கர்களையும் வைத்துக்கொண்டு முப்பது வருசம், ஏறக்குறைய 2,300 நிகழ்ச்சிகளில் செய்ததுதான் டெட் காரரின் கதை. 1995 ஓகஸ்டில் கார்சியா இறந்ததோடு அந்தப் பெயரில் வாசிப்பதை நிறுத்திக்கொண்டார்கள்.

டார்க் ஸ்ரார் பிறந்தது 1967 இல், வடக்குக் கலிபோர்னியாவில் றியோ நீடோ என்ற சின்ன இடத்தில். குழு மண்டபத்தில் ஒத்திகை பார்த்துக்கொண்டிருக்க, கார்சியாவின் பழைய நண்பர் றொபேர்ட் ஹன்ரர் பக்கத்துக் குடிலில் கட்டிலில் படுத்திருந்து அதைக் கேட்டபடியே வரிகளை எழுதத் தொடங்கினாராம். அதற்குப் பிறகு கார்சியாவின் பாட்டுகளில் பெரும்பங்குக்கு அவர்தான் பாடலாசிரியர். 1968 ஏப்ரலில் வோர்ணர் நிறுவனம் இதை ஒரு சிங்கிள் தட்டாக வெளியிட்டது. அந்த 2 நிமிடம் 40 செக்கன் இதுதான். கடைசியில் கார்சியா வாசிச்ச பான்ஜோவும் ஹன்ரரின் குரலும் கேட்டு மங்கும். தட்டு ஓடவே இல்லை. உண்மையைச் சொன்னா, அதைக் கேட்டா ஏன் ஓடேல்லை எண்டு விளங்கும். ஒரு பெரிய வீட்டின்ர கதவை மட்டும் கழற்றிக்கொண்டு வந்து காட்டின மாதிரி இருக்கும்.

வீடு மேடையில்தான் இருந்தது. பாட்டின் எலும்புக்கூடு மிகச் சிறியது. ஒரு சின்ன ஆரம்ப மெட்டு, அதைக் கார்சியாவும் லெஷ்ஷும் சேர்ந்து வாசிப்பார்கள். பிறகு இரண்டு சுருதிக் கூட்டங்களுக்கு இடையில் ஊஞ்சல் மாதிரி ஆடுகிற ஒரு பின்னணி. அதன்மேல் ஒரு சரணம், ஒரு பல்லவி, கனநேரம் கழித்து இன்னொரு சரணம். அவ்வளவுதான். சரணங்களுக்கு முன்னாலும் இடையிலும் இருக்கிற வெளிதான் பாட்டு. ஆலாபனை கேட்டுப் பழகின காதுக்கு இதில் பாதி உடனே பிடிபடும்: வார்த்தை இல்லாமல், தாளக்கட்டு இறுக்கமில்லாமல், ஒரு நிறத்தைக் கொஞ்சம் கொஞ்சமாக விரிக்கிற வேலை. மற்றப் பாதி பிடிபட நாள் எடுக்கும். ஏனெண்டா இங்க பக்கவாத்தியம் எண்டு ஒருத்தரும் இல்லை. லெஷ் இளவயதில் நவீன மேற்கத்தேய இசையமைப்புப் படித்தவர், லூசியானோ பேரியோ என்ற இத்தாலிய இசையமைப்பாளரின் வகுப்பில் இருந்தவர். பேஸ் கிற்றார் என்றால் பின்னால் நின்று 'டும் டும்' என்று காவல் காக்க வேண்டும் என்ற எண்ணமே அவருக்குக் கிடையாது. கார்சியா ஒரு பக்கம் போனால் அவர் எதிர்ப்பக்கம் போவார். இருவரும் எங்கேயோ ஒரு சந்தியில் தற்செயலாகச் சந்திக்கிற மாதிரிச் சந்திப்பார்கள்.

இந்திய இசையோடு ஒரு நேரடித் தொடர்பும் உண்டு. மிக்கி ஹார்ட் 1967 இல் தபேலா மேதை அல்லா றாக்காவைச் சந்தித்தவர். பதினொரு அட்சரத்தில் போகிற 'தி இலெவன்' போன்ற பாட்டுகளில் அந்தக் கணக்கு வழக்கின் பாதிப்புத் தெரியும். பின்னாளில், 1991 இல், ஹார்ட் செய்த 'பிளனட் ட்ரம்' இசைத்தட்டில் ஸாகிர் ஹுசைனோடு நம்ம கடம் விக்கு விநாயக்ராமும் வாசிச்சிருக்கிறார். அது தனிக் கட்டுரைக்குரிய விஷயம், இப்ப விடுவம்.

உலகம் டார்க் ஸ்ராரை அறிந்தது 1969 நவம்பரில் வந்த 'லைவ்/டெட்' இசைத்தட்டால். அந்தக் காலத்தில் குழு வோர்ணர் நிறுவனத்துக்குக் கடன்பட்டுக் கிடந்தது. ஸ்ரூடியோவில் மாதக்கணக்கில் நேரத்தை எரிச்சதால் வந்த கடன். நேரடி நிகழ்ச்சியைப் பதிந்து ஒரு இரட்டைத் தட்டைக் கொடுத்தால் செலவும் குறையும், மேடையில் தாங்கள் எப்படி என்பதையும் காட்டலாம். பொப் மத்யூஸும் பெற்றி கன்ரரும் அப்போதுதான் வந்திருந்த 16 ட்ராக் பதிவு இயந்திரத்தை அரங்குக்கே கொண்டுபோனார்கள். அந்தத் தொழில்நுட்பத்தில் பதிவான முதல் நேரடி ரொக் இசைத்தட்டு இது என்று சொல்லப்படுகிறது. முதற்பக்கம் முழுவதும் ஒரே பாட்டு: 1969 பெப்ரவரி 27, சான்பிரான்சிஸ்கோ ஃபில்மோர் வெஸ்ற் அரங்கில் வாசிச்ச டார்க் ஸ்ரார், 23 நிமிடத்துக்குச் சற்று மேல்.

இது எல்லாருக்கும் முதல் டார்க் ஸ்ரார். எனக்கும்தான். அமைதியாக, ஏற்கனவே நடந்துகொண்டிருக்கிற ஒரு கதைக்குள்ள நாங்கள் கதவைத் திறந்து போகிற மாதிரித் தொடங்கும். இரண்டு ட்ரம்ஸ் காரர் இருந்தும் கனநேரம் ட்ரம்ஸே இருக்காது, சுரண்டுகிற சத்தங்களும் கொங் மணியும்தான். ரொம் கொன்ஸ்ரான்ரனின் ஓர்கன் எங்கேயோ தூரத்தில் ஒற்றை லைற் மாதிரி மினுங்கும். கார்சியா வாயைத் திறக்கவே ஆறு நிமிடம் அளவில் ஆகிவிடும். ஒரு பிழை கண்டுபிடிக்க ஏலாது. அதுதான் எனக்கு அதில் இருக்கிற சின்ன மனக்குறை. அத்தனை வடிவு. விழுந்துவிடுவார்களோ என்ற பயம் ஒரு இடத்திலும் வராது.

எழுபதுகளில் பெரும்பாலான கேட்பாளர்களுக்கு டார்க் ஸ்ரார் என்றால் இந்தப் பதிவுதான், ஏனென்றால் கடையில் வாங்கக் கூடியது இதுதான். ஆனால் அதே காலத்தில் சில பெடியள் ரேப் ரெக்கோடரை ஜக்கெற்றுக்குள் ஒளித்துக்கொண்டு அரங்குக்குள் போகத் தொடங்கியிருந்தார்கள். வேறு குழுக்கள் இதைக் களவு என்று துரத்தின. டெட் காரர் பெரிதாகத் துரத்தவில்லை. வாசிச்சு முடிஞ்ச பிறகு அது எங்கட இல்லை, எடுத்தால் எடுக்கட்டும் என்பதுதான் கார்சியாவின் நிலைப்பாடு. 1974 இல் நியூயோர்க்கில் 'டெட் றெலிக்ஸ்' என்ற சஞ்சிகை தொடங்கியதே ரேப் மாற்றுகிறவர்களுக்காகத்தான். 1984 ஒக்டோபரில் ஒலிப்பதிவாளர்களுக்கென்றே அரங்கில் தனிப் பகுதி ஒதுக்கினார்கள். ஒரே ஒரு கட்டுப்பாடு: விற்கக் கூடாது. வெறும் கசெற்றும் தபால் செலவும் அனுப்பினால் முன்பின் தெரியாத ஒருவர் உங்களுக்குப் பிரதி எடுத்து அனுப்புவார். நீங்கள் இன்னொருவருக்கு அனுப்ப வேண்டும்.

இந்தப் பொருளாதாரம் ரசனையை எப்படி வளைத்தது என்பதுதான் எனக்கு சுவாரசியம். கசெற்றில் ஒவ்வொரு பிரதிக்கும் 'ஸ்ஸ்' என்ற இரைச்சல் கூடும். ஆறாவது ஏழாவது தலைமுறைப் பிரதியில் பேஸ் கிற்றார் சகதிக்குள் போய்விடும். லெஷ் இல்லாத டார்க் ஸ்ரார் பாதி டார்க் ஸ்ரார். அப்போ நல்லா வாசிச்ச இரவு கேவலமான பிரதியில் கிடைத்தால் அது 'சுமாரான இரவு' ஆகிவிடும். சுமாராக வாசிச்ச இரவு மிக்சரிலிருந்தே நேரடியாக எடுத்த சுத்தமான பிரதியாக வந்தால் 'மகத்தான இரவு' ஆகிவிடும். இன்னொன்று, 90 நிமிடக் கசெற்றின் ஒரு பக்கம் 45 நிமிடம்தான். பாட்டு நடுவில் பக்கம் முடிந்தால் பிரட்டிப் போடுகிற நேரம் இசை போய்விடும். எத்தனையோ பதிவுகளில் மிக நுட்பமான இடத்தில் ஒரு வெட்டு இருக்கும். அந்த வெட்டோடேயே அதை மனப்பாடமாக்கின ஆட்கள் இருக்கினம்.

இந்த இடத்தில் பெற்றி கன்ரர்-ஜாக்சனைப் பற்றிச் சொல்லாமல் போனால் அநியாயம். லைவ்/டெட் பதிந்த அதே பெற்றிதான். ஆண்கள் மட்டுமே கேபிள் இழுத்துக்கொண்டு நின்ற ஒரு தொழிலில், எழுபதுகள் முழுக்க இரவிரவாக நின்று பதிந்தவர். அவரின் பதிவுகளில் ஒவ்வொரு வாத்தியமும் தனித்தனி இடத்தில் நிற்கும், இடையில் காற்றும் இருக்கும். பிற்காலத்தில் அவருக்குப் பணக் கஷ்டம் வந்து, நாடாக்கள் வைத்திருந்த களஞ்சிய அறைக்கு வாடகை கட்ட முடியாமல் போனது. 1986 இல் அந்தப் பொருட்கள் ஏலத்தில் போயின. நூற்றுக்கணக்கான மூல நாடாக்கள் யார் யாரோ கைகளுக்குப் போய், அவற்றில் ஒரு பகுதி பிரதியாகி ரசிகர்களிடம் பரவியது. இன்றைக்கும் அவற்றை 'பெற்றி போர்ட்ஸ்' என்றுதான் சொல்லுகிறார்கள். 1977 மே 8 கோர்னெல் பல்கலைக்கழக நிகழ்ச்சியை 'எக்காலத்திலும் சிறந்தது' என்று பலர் சொல்வதற்கு அவரின் பதிவுத் தெளிவு ஒரு பெரிய காரணம். அமெரிக்கக் காங்கிரஸ் நூலகம் 2011 ஆம் ஆண்டுக்கான தேசிய ஒலிப்பதிவுப் பட்டியலில் அதைச் சேர்த்தது. 2017 இல் அது முறைப்படி வெளிவந்தது. வேடிக்கை என்னவென்றால், அந்தப் புகழ்பெற்ற இரவில் டார்க் ஸ்ரார் இல்லை. 1977 முழுக்கவே அவர்கள் அதை வாசிக்கவில்லை.

ஒரு பெண் நித்திரை முழிச்சுச் செய்த வேலையால ஒரு இரவு 'வரலாறு' ஆகுது, அவரோ வாடகை கட்ட வழியில்லாமல் அந்த வேலை முழுதையும் இழக்கிறார். பிடிச்ச பதிவைச் சொல்லுற ஆட்கள் பதிஞ்ச ஆளின்ர பெயரையும் சேர்த்துச் சொன்னா நல்லது எண்டு நான் நினைக்கிறன்.

சரி, வேட்பாளர்களுக்கு வருவம்.

வாக்கெடுப்பு வைத்தால் பெரும்பாலும் முன்னுக்கு வருவது 1972 ஓகஸ்ட் 27. ஒறிகன் மாநிலத்தில் வெனீற்றா என்ற கிராமத்து வெளி. எழுத்தாளர் கென் கேசியின் தம்பி சக் கேசி நடத்திய ஸ்பிறிங்ஃபீல்ட் பால்பண்ணை நட்டத்தில் போய்க்கொண்டிருந்தது. அதைக் காப்பாற்றத்தான் நிகழ்ச்சி. ரிக்கற்றுகளை யோகட் லேபல்களின் பின்பக்கத்தில் அச்சடித்தார்கள். விலை மூன்று டொலர். (அந்தப் பால்பண்ணை இண்டைக்கும் யோகட் விக்குது.) வெயில் 38 பாகை செல்சியஸ் அளவில். சூட்டில் தந்திகள் சுருதி விலகிக்கொண்டே இருந்தன. பாதிச் சனம் உடுப்பைக் கழற்றிப்போட்டு நின்றது. மேடைக்குப் பின்னால் ஒரு கம்பத்தின் உச்சியில் ஒரு மனிசன் ஒன்றுமே உடுக்காமல் ஏறி இருந்து ஆடிக்கொண்டிருப்பார். இதெல்லாம் படமாகவும் இருக்கிறது, 2013 இல் 'சன்ஷைன் டே ட்ரீம்' என்ற பெயரில் முறைப்படி வெளிவந்தது. பொழுதுபடுகிற நேரம் டார்க் ஸ்ராரைத் தொடங்கினார்கள். 31 நிமிடம் அளவில். அப்போது ட்ரம்ஸ் ஒன்றுதான், ஹார்ட் விலகியிருந்த காலம். குறொய்ட்ஸ்மன் தனியாளாக, நடக்கிற மாதிரி வாசிப்பார். கீத் கொட்சோவின் பியானோ ஜாஸ் பக்கம் இழுக்கும். பின்பகுதி கரடுமுரடாகி, கிற்றார் ஓலமிட்டு, எல்லாம் உடைந்து விழுந்த இடத்தில் பொப் வியர் சட்டென்று மார்ட்டி றொபின்ஸின் 'எல் பாசோ' என்ற கௌபோய் பாட்டுக்குள் நுழைவார். விண்வெளியில மிதந்துகொண்டிருந்த ஆளை ஆரோ பிடிச்சுக் குதிரையில ஏத்தின மாதிரி.

அருமைதான். மறுக்கேல்லை. ஆனா வெனீற்றாவைக் கேட்கேக்க நான் உண்மையில இசையைத்தான் கேக்கிறனோ, இல்லாட்டி யோகட் கதையையும் அந்தக் கம்பத்து மனிசனையும் வெயிலையும் சேர்த்துக் கேக்கிறனோ எண்டு எனக்கே சந்தேகம். கதை இருக்கிற பதிவுக்கு எப்பவும் பத்துப் புள்ளி கூட.

அதனால ஒரு சின்ன விளையாட்டு விளையாடினன். பத்துப் பதிவுகளைத் தெரிந்து, கோப்புகளின் பெயரைத் தம்பியைக்கொண்டு மாற்றுவித்து, திகதி தெரியாமல் இரவில் ஹெட்போனில் கேட்டேன். முழுக்கக் குருட்டுச் சோதனை என்று சொல்ல முடியாது. ஓர்கன் கேட்டால் 1969, பியானோ கேட்டால் 1972 க்குப் பக்கம் என்று காது கண்டுபிடித்துவிடும். இருந்தும் ஒரு பதிவுக்கு மட்டும் நான் எழும்பி இருந்து கேட்டேன். அடுத்தநாள் பார்த்தால் அது 1970 பெப்ரவரி 13, நியூயோர்க் ஃபில்மோர் ஈஸ்ற்.

அந்த நாட்களின் பின்னணி முக்கியம். இரண்டு கிழமைக்கு முன்னர்தான் நியூ ஓர்லியன்ஸில் பொலிஸ் அவர்களின் ஹோட்டலுக்குள் புகுந்து போதைப்பொருள் வழக்கில் குழுவைப் பிடித்திருந்தது. கொன்ஸ்ரான்ரன் ஜனவரியோடு விலகிவிட்டார், ஓர்கன் நிறம் போய்விட்டது. வாற சில நாட்களில் ஸ்ரூடியோவுக்குப் போய் 'வேக்கிங்மன்ஸ் டெட்' பதியப்போகிறார்கள்: சின்னச் சின்னப் பாட்டுகள், மரக் கிற்றார், மூன்று குரல் சேர்ந்து பாடுகிற கிராமத்துப் பாணி. இந்த இரவில் இரண்டும் இருக்கிறது. ஒரு பகுதியில் மரக் கிற்றார்களை வைத்துக்கொண்டு பழைய பாட்டுகளைப் பாடுகிறார்கள். பிறகு டார்க் ஸ்ரார், 'தற்ஸ் இற் ஃபோர் தி அதர் வன்', பிக்பென்னின் 'லவ் லைற்' என்று மூன்று பாட்டுகள், ஒவ்வொன்றும் அரை மணித்தியாலம், மொத்தம் ஒன்றரை மணித்தியாலம் இடைவிடாமல். அதே மேடையில் அந்த நாட்களில் ஓல்மன் பிரதர்ஸ் குழுவும் வாசித்தது. அவர்களுக்குச் சவாலாக வாசித்தார்களோ என்று கேட்டால், இருக்கலாம் என்றுதான் காது சொல்லுது.

பதிந்தவர் ஔஸ்லி ஸ்ரான்லி, 'பெயர்' என்று கூப்பிடுவார்கள், ஆங்கிலத்தில் கரடி. எல்.எஸ்.டி தயாரித்துப் புகழும் சிறையும் கண்ட ரசாயனக்காரர், அதே ஆள்தான் குழுவின் ஒலிப் பொறியாளர். அவர் பதிந்தது இசைத்தட்டுப் போட இல்லை. தான் செய்த ஒலிக்கலவையில் எங்கே பிழைவிட்டேன் என்று பிறகு கேட்டுப் பார்க்க. அவற்றை ஒலி நாட்குறிப்பு என்ற மாதிரித்தான் அவர் சொன்னார். ஆக, ஒருத்தர் தன்ர பிழையைப் பிடிக்க எடுத்த பதிவு இது. குழுவின் நாடாக் களஞ்சியத்துக்குப் பொறுப்பாக இருந்த டிக் லற்வாலா 1993 இல் தொடங்கிய 'டிக்ஸ் பிக்ஸ்' வரிசையில், நாலாவது தொகுதியாக 1996 இல் வெளியிட்டார். லற்வாலாவும் முதலில் கசெற் மாற்றித் திரிந்த ஒரு ரசிகர்தான்.

பாட்டு எப்படி? முதல் சரணம் முடிந்தவுடன் எல்லாம் கரைந்துவிடும். கொங் ஒன்று மெதுவாக அதிரும், கிற்றார்கள் முனகும், பிறகு அநேகமாக ஒன்றுமே இல்லை. ஆயிரக்கணக்கான சனம் இருக்கிற அரங்கில் அந்த அமைதி எவ்வளவு துணிச்சல் என்று யோசித்துப் பாருங்கோ. யாரோ ஒருவர் கத்தினாலும் உடைந்துபோகும். அந்த அமைதியிலிருந்து ஒரு ஒற்றைச் சுரம் எழும்பும், இன்னொன்று சேரும், வியர் ஒரு தாளத்தைக் கிள்ளிப் போடுவார், லெஷ் அதைப் பிடித்துக்கொள்வார். பிறகு திடீரென்று, வானம் வெளிச்ச மாதிரி, சந்தோசமான ஒரு சுருதிச் சுற்று. சைமன் அன்ட் கார்பன்கலின் பாட்டொன்றை ஞாபகப்படுத்துவதால் ரசிகர்கள் இதற்கு 'ஃபீலின் குறூவி ஜாம்' என்று பெயர் வைத்திருக்கிறார்கள். எத்தனையோ இரவுகளில் அதை வாசிச்சிருக்கினம். ஆனால் இங்க அது, அந்த இருட்டுக்குப் பிறகு வாறதால, பரிசு மாதிரி இருக்கும். லைவ்/டெட்டில் எனக்குக் கிடைக்காத பயம் இங்க இருக்கு. ஒன்றும் இல்லாத இடத்தில் நிற்கும்போது இவர்கள் திரும்பி வருவார்களோ என்று ஒவ்வொரு முறையும் நினைக்கிறேன். வருவார்கள் என்று தெரிந்தும்.

1974 ஒக்டோபருக்குப் பிறகு பாட்டு கிட்டத்தட்டக் காணாமல் போனது. 1978 டிசெம்பர் 31, சான்பிரான்சிஸ்கோவின் வின்ரர்லாண்ட் அரங்கை மூடுகிற இரவில், சனத்துக்குள்ளிருந்து ஒரு பதாகை: இந்த ஊரில் கடைசி டார்க் ஸ்ரார் வாசித்து 1535 நாளாகிவிட்டது என்று. கணக்குச் சரிதான், நான் கூட்டிப் பார்த்தேன். அன்றிரவு வாசித்தார்கள். பிறகு ஒரு சில தடவைகள், 1984 ஜூலையில் ஒருமுறை, அதோடு ஐந்து வருசம் மௌனம்.

1989 ஒக்டோபரில் வேர்ஜீனியாவின் ஹாம்ப்ரன் அரங்கில், கூட்டம் அள்ளுப்படாமல் இருக்க 'முன்னர் வோர்லொக்ஸ்' என்ற பெயரில் இரண்டு நாள் வாசித்தார்கள். ஒக்டோபர் 9 ஆம் திகதி அந்த ஆரம்ப மெட்டின் முதல் சுரங்கள் விழுந்தன. இந்த ஒரு பதிவுக்கு மட்டும் நான் மிக்சர் பதிவைச் சிபாரிசு செய்ய மாட்டேன். சனத்துக்குள் மைக் வைத்துப் பதிந்த பிரதியைத் தேடுங்கோ. மிக்சருக்குள் வாத்தியங்கள்தான் பெரிதாக வரும். சனத்துப் பிரதியில், அது என்ன பாட்டென்று விளங்கின அந்த விநாடியில், கட்டிடமே இடிந்து விழுகிற மாதிரி ஒரு சத்தம் கேட்கும். ஐந்து வருசக் காத்திருப்பின் சத்தம். இசையாகப் பார்த்தால் நடுத்தரமான டார்க் ஸ்ரார்தான். அதுக்காக என்ன? அடுத்த வருசம் மார்ச் 29 இல் நியூயோர்க் பக்கம் நசோ கொலிசியத்தில் பிரான்போர்ட் மார்சாலிஸ் சக்சபோனோடு மேடையேறிய இரவிலும் இதை வாசித்தார்கள், இசையாக அது மேல். கடைசியாக வாசித்தது 1994 மார்ச் 30, அற்லான்ராவில். அதைப் பற்றிச் சொல்ல எனக்குப் பெரிதாக ஒன்றும் இல்லை.

இதையெல்லாம் ஒரு சதமும் செலவழிக்காமல் நான் கேட்டது இன்ரர்நெற் ஆர்க்கைவ் தளத்தில். இந்தக் குழுவின் பதிவுகள் மட்டும் அங்கே பத்தாயிரத்துக்கு மேல். ஆனால் இந்தத் திறந்த கதவும் ஒருமுறை மூடப்பட்டது. 2005 நவம்பரில் குழுவின் தரப்பு பதிவுகளைத் தரவிறக்க முடியாமல் செய்தது. முப்பது வருசம் 'எடுத்துக்கொண்டு போங்கோ' என்று சொன்னவர்கள். ரசிகர்கள் கொதித்தெழுந்து மனுப் போட்டார்கள், லெஷ்ஷே இது தனக்குத் தெரியாமல் நடந்தது என்ற மாதிரி எழுதினார். சில நாட்களிலேயே ஒரு சமரசம் வந்தது: சனத்துப் பதிவுகளைத் தரவிறக்கலாம், மிக்சர் பதிவுகளை அங்கேயே கேட்க மட்டும்தான் முடியும். இன்றைக்கும் அதே நிலைதான். பணம் வராத காலத்தில் தாராளமாக இருப்பது லேசு என்று சிலர் சொல்லக்கூடும். நான் அவ்வளவு கடுமையாகச் சொல்ல மாட்டன். ஆனால் பொதுச்சொத்து என்று நாங்கள் நினைத்திருந்த ஒன்றுக்குச் சாவி வேறு யாரிடமோ இருந்தது என்பது அன்றைக்குத்தான் கனபேருக்குத் தெரிந்தது.

தெரிவுசெய்யவே மாட்டேன் என்று சொன்ன ஒரு மனிசனும் இருக்கிறார். கனடாவைச் சேர்ந்த இசைக்கலைஞர் ஜோன் ஒஸ்வால்ட். லெஷ் கேட்டுக்கொண்டதன் பேரில் குழுவின் களஞ்சியத்துக்குள் போய், 1968 முதல் 1993 வரையான நூறு அளவிலான டார்க் ஸ்ரார்களை எடுத்து, வெட்டி, ஒட்டி, ஒன்றின்மேல் ஒன்றை அடுக்கி ஒரே பெரிய டார்க் ஸ்ராராகச் செய்தார். 'கிறேஃபோல்டட்', இரண்டு தட்டு, 1994–95. இளம் கார்சியாவும் கிழட்டுக் கார்சியாவும் ஒரே நேரத்தில் சேர்ந்து பாடுகிற இடம் ஒன்று வரும். முதல் தடவை கேட்டபோது மயிர்க்கூச்செறிந்தது. இரண்டாம் தடவை எங்கேயோ ஒரு ஏமாற்றம். எல்லா இரவும் சேர்ந்தபோது ஒரு இரவும் இல்லாமல் போய்விட்டது. அந்த ஃபில்மோர் ஈஸ்ற் அமைதியை நூறு தரம் ஒன்றின்மேல் ஒன்றாக வைத்தால் அது அமைதி இல்லை, இரைச்சல்.

ஆகவே கேட்டால் என் பதில் 1970 பெப்ரவரி 13, பதிந்தவர் ஔஸ்லி ஸ்ரான்லி. புதிதாகக் கேட்கிற ஆட்கள் லைவ்/டெட்டில் தொடங்குங்கோ, அது கதவு. வெனீற்றாவைப் பின்னேரம், வெளியில் இருந்து கேளுங்கோ.

ஒரு வாக்குமூலம் மிச்சம் இருக்கு. எல்லாவற்றிலும் நீளமானது 1972 மே 11, ரொட்டர்டாம். ஐரோப்பியச் சுற்றுப்பயணம், 22 நிகழ்ச்சிகள், 2011 இல் 73 தட்டுகளாக முழுவதும் வெளியிட்டார்கள். அந்த இரவு டார்க் ஸ்ரார் 48 நிமிடம் அளவில், கசெற்றின் ஒரு பக்கத்துக்குள் அடங்காது. பல பேர் அதைத்தான் உச்சம் என்கிறார்கள். மூன்று தரம் தொடங்கியிருக்கிறேன். மூன்று தரமும் முப்பத்தைந்தாவது நிமிடத்துக்குக் கிட்ட நித்திரையாகிப் போனன்.